இளம் வீரரின் முதல் வில்லன் ஆட்டங்களை எப்படி எடைபோடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர் ப்ரோ ரெஸ்லிங் 2012இல் தொடங்கியது முதல் உள்ளூரில் காட்சி மல்யுத்தம் தொடர்ந்து நடந்துவருகிறது. மகன், தங்கை மகன், பாலிடெக்னிக் தோழன் என்று தெரிந்த யாராவது மேடையேறும்போது நம்மவர்களும் போய்ப் பார்க்கிறார்கள். அதிலும் பையனுக்கு வில்லன் வேடம் கொடுத்துவிட்டால் கேள்விகள் வரிசையாக வருகின்றன. திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

"எல்லாமே முன்னாடியே பேசி வச்சதுதானே? இதுல நல்லா ஆடினான், மோசமா ஆடினான்னு சொல்ல என்ன இருக்கு?"

யார் ஜெயிப்பது என்பது பேசி வைத்ததுதான். ஆகவே ஜெயித்தாரா என்பதை விட்டுவிடுங்கள். அந்த முடிவுக்கு நம்மை எப்படி அழைத்துப் போனார் என்பது மட்டுமே வீரரின் கையில் இருக்கிறது. அதைத்தான் எடைபோட வேண்டும்.

அனுபவசாலிகள் முடிவையும் இரண்டு மூன்று முக்கியக் கட்டங்களையும் மட்டும் பேசிக்கொள்வார்கள். மற்றதை மேடையிலேயே காதோடு காதாகச் சொல்லி ஓட்டுவார்கள். புதியவர்களோ முழு ஆட்டத்தையும் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். அதில் தவறில்லை, ஆனால் அது வெளியே தெரியக் கூடாது. அடி வருவதற்கு முன்பே கன்னத்தைத் திருப்பிக் காத்திருப்பது, எதிராளி எழுந்து வரும்வரை வேலையில்லாமல் நிற்பது, உதட்டுக்குள் வரிசையை ஒப்பிப்பது மூன்றும் அதன் அடையாளங்கள். முதல் ஐந்தாறு ஆட்டங்கள்வரை இதை மன்னிக்கலாம். அதற்கு மேல் கூடாது.

"வில்லன்னா என்ன, கெட்ட வேலை பண்றவன்தானே?"

மல்யுத்த வட்டாரத்தில் வில்லனை ஹீல் என்றும் நாயகனைப் பேபிஃபேஸ் என்றும் சொல்வார்கள். கெட்ட வேலை ஹீலுக்குக் கருவி மட்டுமே. எதிரே நிற்பவர் எப்படியாவது ஜெயித்துவிட வேண்டும் என்று அரங்கைத் தவிக்க வைப்பதுதான் அவருடைய வேலை. இந்தப் பக்கத்தில் எதை மறந்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: வில்லனை எடைபோட எதிராளியைப் பாருங்கள். மணி அடித்தபோது அந்த நாயகன் யாரென்றே நமக்குத் தெரியாது. பத்து நிமிடம் கழித்து அவருக்காக நாற்காலி நுனிக்கு வந்திருக்கிறோம் என்றால், அது பாதிக்கு மேல் வில்லனின் உழைப்பு.

வில்லன்களிலும் ரகம் உண்டு. மாட்டிக்கொண்டால் கெஞ்சும் கோழை, தன்னைத் தானே மெச்சிக்கொள்ளும் தற்பெருமைக்காரர், ஈவிரக்கமில்லாத முரடர். இவற்றில் எது என்பது உடல்வாகோடு பொருந்த வேண்டும். அறுபது கிலோ பையன் தன்னைவிட ஒரு தலை உயரமானவரைப் பார்த்து உறுமினால் யாரும் பயப்படப் போவதில்லை. அந்தப் பையனே கயிற்றுக்கு வெளியே ஓடி ஒளிந்து, நடுவரைக் கேடயமாக வைத்துக்கொண்டு வாய் காட்டினால் அரங்கு கொதிக்கும். புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். முரடராக இருக்கவே எல்லோருக்கும் ஆசை. கோழையாகத் தெரிய யாருக்கும் மனம் வருவதில்லை.

"எங்க பையன் தோத்துட்டான். அப்போ அவனை ஒதுக்கிட்டாங்கன்னு அர்த்தமா?"

இல்லை. வில்லன் பெரும்பாலும் தோற்கத்தான் வருகிறார். நல்ல நாயகன் ஒருவரோடு பத்து நிமிடம் கொடுத்து, கடைசியில் தோற்கச் சொன்னார்கள் என்றால் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள் என்றே பொருள். இரண்டு நிமிடத்தில் சுருட்டி அனுப்பினார்கள் என்றால்தான் யோசிக்க வேண்டும்.

"முதல் தடவை பாக்கப் போறேன். எந்த இடத்துல எதைக் கவனிக்கிறது?"

வழக்கமான ஆட்டத்துக்கு நான்கு கட்டங்கள் உண்டு. முதலில் நாயகன் ஜொலிப்பார், இதை ஷைன் என்பார்கள். பிறகு வில்லன் தட்டிப் பறித்து அவரைப் போட்டு வதைப்பார், இது ஹீட். அடுத்து நாயகன் மீண்டெழும் கம்பேக். கடைசியில் ஃபினிஷ். பத்து நிமிட ஆட்டமானால் ஷைன் இரண்டு நிமிடம், ஹீட் நான்கு அல்லது ஐந்து, மீதி மற்ற இரண்டுக்கும் என்பது ஏறக்குறைய சரியான அளவு. புதிய வில்லன்கள் ஷைனை அரை நிமிடத்தில் முடித்துவிடுவார்கள், தாங்கள் முட்டாளாகத் தெரிவது பிடிக்காமல். நாயகனின் திறமையை அரங்கு பார்க்கவே இல்லையென்றால் பிறகு அவர் அடிவாங்கும்போது யார் வருந்துவார்கள்?

ஷைனிலிருந்து ஹீட்டுக்கு மாறும் அந்த ஒற்றை நொடிக்குக் கட் ஆஃப் என்று பெயர். உன்னிப்பாகப் பார்க்க வேண்டியது அது. நாயகன் கயிற்றில் மோதி வேகமாக ஓடிவருகிறார் என்று வையுங்கள். வில்லன் நடுவரின் சட்டையைப் பிடித்து இழுத்துத் தனக்கு முன்னால் நிறுத்துகிறார். நடுவர்மேல் மோதாமல் இருக்க நாயகன் சட்டென நிற்கிறார். அவர் நின்ற அரை நொடியில் நடுவரின் தோளுக்கு மேலாக வில்லனின் விரல் கண்ணில் பாய்கிறது. நல்லவர் என்பதால்தான் நின்றார், நின்றதால்தான் அடிபட்டார். இப்படி நாயகனின் நல்ல குணமே அவருக்கு எதிராகத் திரும்பும் கட் ஆஃப் உயர்ந்த ரகம். சும்மா முகத்தில் ஒரு குத்துவிட்டு ஆட்டத்தைத் தன் பக்கம் திருப்பினால் தேர்ச்சி உண்டு, சிறப்பு மதிப்பெண் இல்லை.

ஹீட்டுக்குள்ளும் நாயகன் ஒன்றிரண்டு முறை எழ முயல வேண்டும், வில்லன் அதை அடக்க வேண்டும். ஹோப் ஸ்பாட் என்று இதைச் சொல்வார்கள். ஒன்றுகூட இல்லையென்றால் ஆட்டம் வெறும் அடிதடி. நான்கைந்து இருந்தால் கடைசிக் கம்பேக்குக்கு மவுசு போய்விடும்.

"கூட்டம் அவ்வளவு கத்துச்சு. அப்போ நல்ல வில்லன்தானே?"

எதற்காகக் கத்தினார்கள் என்று பாருங்கள். ஊரைத் திட்டினால் யாருக்கும் கூச்சல் கிடைக்கும். கோழிச் சோறு எங்கள் பக்கம்தான் ருசி என்று ஜொகூரிலிருந்து வந்த வீரர் மைக்கில் சொன்னால் போதும், அரங்கம் இரண்டாகும். அதற்குச் சீப் ஹீட் என்று பெயர். ஆரம்பத்தில் அடுப்பு மூட்ட அது உதவும், ஆனால் ஆட்டம் தொடங்கிய பிறகும் அதையே நம்பியிருந்தால் வேறு சரக்கு இல்லை என்று பொருள்.

உயர்ந்த கூச்சல் ஒரு குறிப்பிட்ட செயலுக்கு வருவது. "பின்னால பாருங்க, கயித்தைப் பிடிச்சிருக்கான்" என்று முன்வரிசைப் பிள்ளைகள் நடுவரிடம் புகார் சொல்ல ஆரம்பித்துவிட்டால் வில்லன் ஜெயித்துவிட்டார். இதற்கு நேர்மாறானது, பாத்திரத்தின்மேல் வராமல் ஆள்மேலேயே சலிப்பு வருவது. அதில் கூச்சல்கூட இருக்காது. கைப்பேசிகள் வெளியே வரும், ஆட்கள் தண்ணீர் வாங்கப் போவார்கள். சிங்கப்பூர்க் கூட்டம் பொதுவாகக் கூச்சப்படும் கூட்டம். முதல் இரண்டு நிமிடம் அமைதியாக இருந்தால் பதற வேண்டாம். ஐந்தாவது நிமிடத்திலும் அமைதி என்றால் ஏதோ சரியில்லை.

"நடுவர் கண்ணு முன்னாடியே ஏமாத்துறான், அவர் பாக்கவே மாட்டேங்கிறார். அபத்தமா இல்ல?"

அபத்தமாகத் தெரிந்தால் வில்லன் சரியாகச் செய்யவில்லை. விதி எளிது. கயிற்றைத் தொட்டுக்கொண்டோ கழுத்தை நெரித்தோ பிடித்தால் நடுவர் ஐந்துவரை எண்ணுவார், ஐந்துக்குள் விட்டால் தண்டனை இல்லை. நல்ல வில்லன் நான்கு என்ற சத்தம் வரும்வரை பிடித்திருந்து, விட்டு, கைகளை உயர்த்தி அப்பாவிபோல் காட்டி, மறுபடி பிடிப்பார். விதியை மீறாமலே விதியைக் கேலி செய்கிறார். மலிவான உத்திதான், ஆனால் தவறாமல் பலிக்கும்.

மறைவாகச் செய்யும் மோசடிக்கு இடம் முக்கியம். நடுவருக்குத் தெரியக் கூடாது, பார்வையாளர்களுக்கு நன்றாகத் தெரிய வேண்டும். எதிராளியின் தோள்களைத் தரையோடு அழுத்தி, நடுவர் வெற்றிக்கான மூன்றை எண்ணும்போது கயிற்றில் கால் போட வேண்டுமானால் நடுவர் எதிராளியின் தோள்பக்கம் தரையோடு படுத்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போட வேண்டும். புதியவர்கள் அவசரத்தில் நடுவர் நின்றுகொண்டிருக்கும்போதே காலைத் தூக்கிவிடுகிறார்கள். அப்போது முட்டாளாவது நடுவர், கெடுவது ஆட்டம். இதற்கு மதிப்பெண் குறைக்கத் தயங்காதீர்கள்.

"ஏன் எப்பவும் இடது கை, இடது காலையே பிடிச்சு முறுக்குறாங்க?"

பெரும்பாலான நாடுகளில் இடப்பக்கத்தைத் தாக்குவதே பயிற்சி மரபு. மெக்சிகோவில் வலப்பக்கம். இரண்டு பேருக்கும் ஒரே வழக்கம் இருந்தால் முதல்முறை சந்திப்பவர்கள்கூடத் தடுமாறாமல் ஆடலாம். நீங்கள் கவனிக்க வேண்டியது, முறுக்கிய கையை வில்லன் பிறகும் நினைவில் வைத்திருக்கிறாரா என்பது. மூன்று நிமிடம் கையை வதைத்துவிட்டுத் திடீரெனக் காலுக்குத் தாவினால் அதுவரை செய்ததெல்லாம் வீண்.

"அவனுக்கு மேல் கயித்துல இருந்து பல்டி அடிக்கத் தெரியும். அன்னைக்கு ஒண்ணுகூட அடிக்கலையே, ஏன்?"

ஒருவேளை அன்றைக்கு அவர் செய்த மிகச் சரியான காரியம் அதுவாக இருக்கலாம். அழகான பல்டிக்குக் கைதட்டல்தான் வரும். கைதட்டல் நாயகனின் சொத்து. வில்லன் அதை எடுத்துக்கொண்டால் பிறகு நாயகன் அதே மாதிரி பறக்கும்போது யாரும் அசர மாட்டார்கள்.

ஒரு நயமான விதிவிலக்கு உண்டு. பல்டி அடிக்கப்போவதுபோல் மூலைக் கம்பத்தில் ஏறி, கைதட்டல் எழும்பும்போது இறங்கிவந்து எதிராளியின் விரலை மிதிப்பது. கூட்டம் கேட்டதைக் கொடுக்க மறுப்பதும் வில்லத்தனமே.

"கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டான். தூக்கம் வந்துடுச்சு."

அந்தப் பிடிக்குச் சின்லாக் என்று பெயர். மூச்சு வாங்கவும், அடுத்து என்ன என்று பேசிக்கொள்ளவும் அது உதவும். எதிராளியின் தலைக்குப் பின்னால் வாயை மறைத்துப் பேசுவார்கள். சிறிய அரங்கில் முன்வரிசை ஆறடி தூரத்தில் இருப்பதால் இது எளிதல்ல. உதடசைவு உங்களுக்குத் தெரிந்தால் ஒரு குறை.

பிடி சலிப்பூட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் வில்லன் ஓய்வெடுப்பது அப்பட்டமாகத் தெரிவதுதான். புட்டம் தரையில் அழுந்தி, முழங்கை தளர்ந்து, பார்வை எங்கோ இருந்தால் பிடியில் உயிர் இல்லை. நன்றாகச் செய்பவர் ஒரு முழங்காலை எதிராளியின் முதுகில் ஊன்றி, குதிகாலை உயர்த்தி, உடல் எடையை முன்னால் சாய்ப்பார். கை இறுகுவது தெரிய முன்கை நரம்பு புடைக்கும், ஆனால் உண்மையான அழுத்தம் தொண்டைக்குப் போகாது. முகம் அரங்கைப் பார்த்திருக்கும், வாய் சும்மா இருக்காது. அரங்கு நாயகனுக்காகத் தாளம் போட்டுக் கைதட்டத் தொடங்கும்போது வில்லன் அதைக் கேட்டு எரிச்சல்பட வேண்டும். கேளாதவர்போல் இருந்தால் கைதட்டல் பத்து நொடியில் அடங்கிவிடும்.

"விழுறதெல்லாம் பொய்தானே, அடிபடாதுதானே?"

மேடை என்பது இரும்புச் சட்டம், அதன்மேல் மரப்பலகை, அதன்மேல் மெல்லிய நுரைமெத்தை, கித்தான் துணி. அவ்வளவுதான். பெரிய நிறுவனங்களின் மேடை பக்கத்துக்கு 20 அடி, சிறிய நிறுவனங்கள் 16 அல்லது 18 அடி மேடையிலும் ஆடுவார்கள். முதுகில் விழுவதைப் பம்ப் என்பார்கள். முகவாயை நெஞ்சோடு ஒட்டி, மேல்முதுகு முழுதும் ஒரே சமயத்தில் படும்படி, உள்ளங்கையால் தரையை அறைந்து, மூச்சை வெளியே விட்டு விழ வேண்டும். முகவாய் உயர்ந்தால் பின்மண்டை மோதும். கையை ஊன்றி விழுந்தால் மணிக்கட்டு போகும்.

வில்லனை எடைபோடும்போது அவர் விழுவதைவிட அடுத்தவரை எப்படி விழவைக்கிறார் என்பதற்கு அதிக மதிப்பெண் கொடுங்கள். தூக்கும்போது எதிராளியின் தலை எங்கே இருக்கிறது என்று ஒரு பார்வை போகிறதா, அவர் தயாராகும்வரை பொறுக்கிறாரா, களைத்த பிறகும் தூக்க முயல்கிறாரா? ஆட்டம் எவ்வளவு சூடாக இருந்தாலும் எதிராளியைக் காயப்படுத்துபவர் நல்ல வில்லன் இல்லை, ஆபத்தான சக ஊழியர். நடுவர் இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்துக் காட்டினால் உண்மையிலேயே அடிபட்டிருக்கிறது என்று பொருள். அதன் பிறகு மதிப்பீட்டு நோட்டை மூடிவிடுங்கள்.

"மைக்ல எதை வேணாலும் பேசலாமா? வில்லன்தானே?"

முடியாது, அதிலும் சிங்கப்பூரில். அமெரிக்க வில்லன்கள் பல காலம் இனத்தையும் தேசத்தையும் இழுத்துக் கூச்சல் வாங்கினார்கள். இங்கே சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இலிருந்தே இருக்கிறது, இன நல்லிணக்கப் பராமரிப்புக்கான சட்டமும் 2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. சட்டத்தை விடுங்கள், பல இனப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அரங்கில் அந்தப் பேச்சுக்கு வரும் அமைதி வேறு மாதிரியானது. அதிலிருந்து ஆட்டம் மீளவே மீளாது.

பேச்சுக்கு அளவு ஒரு நிமிடம். நான் யார், உங்களை ஏன் மதிக்கவில்லை, இன்று எதிராளியை என்ன செய்யப்போகிறேன் என்பதற்குமேல் எதுவும் வேண்டாம். இடையிடையே தமிழில் திட்டுவது நன்றாகவே எடுபடும், நம்மவர்கள் சிரிப்பார்கள். ஆனால் சிரிப்பு அதிகமானால் வில்லன் நகைச்சுவை நடிகராகிவிடுவார். தமிழ்த் தொடர் ஒன்றிரண்டு போதும், அதுவும் மற்றவர்களுக்குத் தொனியிலேயே புரிய வேண்டும்.

"இந்தியப் பையன்னாலே வில்லன் வேஷம்தான் தருவாங்களா?"

கேள்வியில் நியாயம் இருக்கிறது. பஞ்சாபில் பிறந்து கனடாவில் குடியேறிய டைகர் ஜீத் சிங், 1973 முதல் ஜப்பானில் அந்நாட்டு நட்சத்திர வீரர் அந்தோனியோ இனோகிக்கு எதிராகத் தலைப்பாகையும் வாளுமாக வந்து பெரிய வில்லனானார். 2017 மே மாதம் அமெரிக்க மல்யுத்த நிறுவனமான டபிள்யூடபிள்யூஈயின் பட்டத்தை வென்ற ஜிந்தர் மஹாலும் வில்லன்தான். ஆனால் நம் ஊர்ப் பழைய கதை நேர்மாறு. 1940களின் பிற்பகுதியில் சிங்கப்பூர் வந்து கிரேட் வேர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் பயிற்சி பெற்ற தாரா சிங் மக்கள் நாயகனாக வளர்ந்தார். அவருக்கு எதிரே நின்ற மாபெரும் வில்லன் ஹங்கேரியில் பிறந்த கிங்காங். வில்லனாகவே ஊர் ஊராகக் கூட்டம் சேர்த்தவர், 1970இல் காலமானதும் சிங்கப்பூரில்தான்.

ஆகவே வேடத்தைப் பார்க்காதீர்கள், வேடத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பையனின் ஆணவம், சோம்பல், பொறாமை ஆகியவற்றுக்காக அரங்கு வெறுத்தால் அது பாத்திரம். அவன் இந்தியன் என்பதைத் தவிர வெறுக்க வேறு காரணமே தரப்படவில்லையென்றால் அது சோம்பேறித்தனமான எழுத்து. அந்தக் குறையை வீரரின் கணக்கில் எழுதாதீர்கள்.

"என்.எஸ்.ல இருக்கான், மொட்டைத் தலை. வில்லன் மாதிரியே இல்லையே?"

தேசிய சேவையில் தாடியும் நீள்முடியும் வளர்க்க முடியாத ஈராண்டு பலருக்கும் வருவதுதான். நடையில் காட்டட்டும். மேடைக்கு வரும் வழியில் யார் கையையும் தொடாமல், அவசரப்படாமல், கயிற்றுக்குள் நுழைய முப்பது நொடி எடுத்துக்கொண்டால் முடி இல்லாதது யாருக்கும் தெரியாது.

"சொந்தக்காரங்க இருபது பேர் போய் அவன் பேரைச் சொல்லிக் கத்தினோம். தப்பா?"

அன்பு புரிகிறது, ஆனால் ஆட்டத்தைக் கெடுக்கிறீர்கள். வில்லனுக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி மனதாரத் திட்டுவது. அத்தையே எழுந்து நின்று "வெக்கமா இல்லையா உனக்கு?" என்று கேட்டால் அதைவிடச் சிறந்த ஆதரவு கிடையாது.

வீரர் பக்கம் பார்த்தால், இது அவருக்கு ஒரு தேர்வு. ஆதரவுக் குரல் வந்த திசையைப் பார்த்துச் சிரித்துவிட்டால் பாத்திரம் உடைந்தது. அவர்களையும் சேர்த்து அவமதித்தால் பாத்திரம் காப்பாற்றப்பட்டது. வீட்டில் பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம்.

"சொந்தக்காரங்களே இல்ல, ஆனா மொத்தக் கூட்டமும் வில்லனுக்குத்தான் கைதட்டுச்சு. இது வெற்றியா தோல்வியா?"

இதுதான் சிக்கலான கேள்வி. சில சமயம் அது திட்டமே. 1997இல் அமெரிக்காவில் நடந்த ரெஸில்மேனியா 13 நிகழ்ச்சியில் வில்லனாக உள்ளே வந்த ஸ்டீவ் ஆஸ்டின், ரத்தம் வழிய ஷார்ப்ஷூட்டர் பிடியில் சரணடைய மறுத்து நாயகனாக வெளியேறினார், நாயகனாக வந்த பிரெட் ஹார்ட் வில்லனானார். ஆனால் அது இரண்டு தேர்ந்த கைகள் எண்ணிச் செய்த வேலை. புதியவருக்கு இது தானாக நடந்தால் காரணம் தேட வேண்டும்.

மூன்று காரணங்கள் சாத்தியம். நாயகன் சப்பையாக இருந்திருக்கலாம், அதில் வில்லனுக்குப் பங்கு குறைவு. வில்லன் மேலே சொன்னபடி பல்டிகளால் கைதட்டலைத் திருடியிருக்கலாம், அது முழுக்க அவர் தவறு. அல்லது இயல்பிலேயே அரங்கை ஈர்க்கும் ஆளாக இருக்கலாம். மூன்றாவதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி: அவர் கோழைத்தனமாக ஓடி ஒளிந்த பிறகும் கைதட்டல் தொடர்ந்ததா? தொடர்ந்தது என்றால் அவரை நாயகனாக்குவது பற்றி நிறுவனம் யோசிக்க வேண்டும். உள்ளூர் மேடையில் ட்ரெக்ஸஸ் என்ற பெயரில் ஆடி, 2021இல் டபிள்யூடபிள்யூஈயில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூரராகி, டான்டே சென் என அறியப்பட்டவர் அங்கே நாயகனாகத்தான் அறிமுகமானார்.

"நடுவுல ஒரு அடி சரியா விழலை, எல்லாருக்கும் தெரிஞ்சுடுச்சு. எவ்வளவு குறைக்கிறது?"

தவறுக்குக் கொஞ்சமாகக் குறையுங்கள், அடுத்த மூன்று நொடிகளைப் பார்த்து மீதியை முடிவுசெய்யுங்கள். தப்பிய அசைவையே உடனே திரும்பச் செய்வது மிக மோசம். இது ஒத்திகை பார்த்த நடனம் என்று அறிவித்ததுபோல் ஆகும். வில்லனுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. எதிராளியால்தான் தவறியது என்பதுபோல் கோபப்பட்டு அவரை மிதிக்கலாம், நடுவர்மேல் பழி போடலாம். கூட்டத்தின் கேலியையே எரிபொருளாக்கிக்கொள்பவர் வேகமாக முன்னேறுவார்.

"நேர்ல போக முடியலை. வீடியோ பாத்துச் சொல்லலாமா?"

முகபாவனை, இடத்தேர்வு, கால்வேலை ஆகியவற்றுக்கு வீடியோ நேரில் பார்ப்பதைவிட மேல். நிலையான கேமரா எந்தப் பக்கம் என்று முதலில் கண்டுபிடியுங்கள், முக்கியக் கட்டங்களில் வில்லன் அதற்கு முதுகு காட்டினாரா என்று பாருங்கள். கூச்சலை மட்டும் வீடியோவை வைத்து எடைபோடாதீர்கள். ஒரே ஒரு மைக் யார் பக்கத்தில் இருந்ததோ அவர் குரல்தான் அரங்கின் குரலாகப் பதிவாகியிருக்கும்.

ஒருமுறை ஒலியில்லாமல் ஓடவிட்டுப் பாருங்கள். யார் வில்லன் என்று சத்தமே இல்லாமல் முதல் நிமிடத்தில் தெரிய வேண்டும்.

"ஆட்டம் முடிஞ்சு வந்து, எப்படி இருந்துச்சுன்னு கேக்குறான். என்னத்தைச் சொல்றது?"

அன்றிரவு ஒன்றே ஒன்று போதும்: எதிராளி பத்திரமாக இருக்கிறாரா என்று கேளுங்கள், அவரிடம் போய் நன்றி சொல்லச் சொல்லுங்கள். அது இந்தத் தொழிலின் மரியாதை. உடம்பு சூடாக இருக்கும்போது சொல்லும் நுணுக்கங்கள் மண்டையில் ஏறாது.

இரண்டு மூன்று நாள் கழித்து வீடியோவோடு உட்காருங்கள். "நல்லா இருந்துச்சு", "இன்னும் உறுமணும்" போன்றவற்றால் பயனில்லை. நேரத்தைச் சொல்லிக் குறிப்பிடுங்கள்: "நாலாவது நிமிஷம், கட் ஆஃப்புக்கு அப்புறம் உடனே அடுத்த அடிக்குப் போயிட்டே. அங்க மூணு நொடி நின்னு கூட்டத்தைப் பாத்திருக்கணும்." அடுத்த ஆட்டத்துக்குத் திருத்தம் இரண்டுக்குமேல் வேண்டாம். அதில் ஒன்று பாதுகாப்பு பற்றியதாக இருந்தால் மற்றதைத் தள்ளிப்போடுங்கள். தூக்குவது, விழவைப்பது பற்றிய திருத்தத்தை நீங்கள் சொல்லாமல் பயிற்றுநரிடம் விடுங்கள். வரவேற்பறையில் மெத்தை போட்டுச் செய்து பார்க்கிற வேலையும் வேண்டாம்.